ஒன்பதாம் படுக்கையின் வீர நடை

ஜூன் 9, திங்கள்
ஆண்கள் எலும்பு வார்டு, கீழ்த்தளம்

மேல்மாடி மகாராணி அவர்களுக்கு,

இதனால் சகலருக்கும் தெரிவிப்பது யாதெனில், ஒன்பதாம் படுக்கையில் கால் நீட்டி எழுந்தருளியிருக்கும் அடியேனுக்கு இன்று காலை இரண்டாவது தலையணை வழங்கப்பட்டது. வழங்கியவர் ஹெட் நர்ஸ். உறை புதிது, கறை இல்லை, பஞ்சு ஒரே மூலையில் போய் ஒளிந்துகொள்ளவும் இல்லை. இந்த வார்டில் இரட்டைத் தலையணைக்காரன் நான் ஒருவன்தான். அக்கம்பக்கத்துப் படுக்கைகளில் வயிறு எரிகிற நெடி, டெட்டால் நெடியையும் தாண்டி வருகிறது.

செய்தி முடிந்தது. இனி உன் விஷயம்.

நீ என்னோடு பேசமாட்டாய் என்று அம்மா சொன்னாள். ஸ்கூட்டரை ஓட்டியது நீதான் என்று டாக்டரிடமும், எக்ஸ்ரே எடுத்தவரிடமும், தரை துடைக்க வந்தவரிடமும் நான் சொல்லிவிட்டேனாம். உண்மையைத்தானே சொன்னேன்? நாய் குறுக்கே வந்தது. நீ பிரேக் போட்டாய். நாய் வாலை ஆட்டிக்கொண்டு அதன் வேலையைப் பார்க்கப் போனது. நாம் இருவரும் ஆளுக்கொரு எலும்பை உடைத்துக்கொண்டு இங்கே வந்தோம். உனக்குக் கணுக்கால், எனக்குத் தொடை. அளவிலும் சரி, மரியாதையிலும் சரி, என்னுடையதுதான் பெரிய எலும்பு.

அப்படியிருக்க, அம்மா மட்டும் எப்படி முழுசாக உனக்குப் போனாள்?

ஆண்கள் வார்டில் பெண்கள் துணைக்கு இருக்கக் கூடாதாம். இது இந்த ஆஸ்பத்திரியின் சட்டம். அப்பாவோ லாரியோடு எங்கேயோ இருக்கிறார். ஆக உனக்கு நாள் பூராவும் அம்மா. எனக்கு சாயங்காலம் பார்வையாளர் நேரத்தில் மட்டும் அம்மா, அதுவும் லிப்ட் மனசு வைத்தால். வந்த உடனே என்ன பேசுகிறாள் தெரியுமா? "அக்கா இன்னிக்கு அரை இட்லிதான்டா சாப்பிட்டா." நான் இங்கே முழுசாகப் பட்டினி கிடந்தாலும் அந்த அரை இட்லிக்குத்தான் கவலை.

பரவாயில்லை. உனக்கு ஓர் அம்மா என்றால் எனக்கு இங்கே ஏழு சிஸ்டர்கள். கூப்பிட்டால் வருகிறார்கள். பிறந்ததிலிருந்து எனக்கு இருக்கும் சிஸ்டர் அப்படி ஒருநாளும் வந்ததில்லை.

நம் இரண்டு போன்களும் ஸ்கூட்டருக்கு அடியில் உயிரை விட்டதால் லிப்டை ஓட்டுகிற மாமாவைத் தபால்காரராக நியமித்திருக்கிறேன். பதில் போடு. போடாவிட்டாலும் நான் எழுதுவேன்.

இப்படிக்கு,
இரட்டைத் தலையணை வேந்தன்


ஜூன் 10, செவ்வாய்
பெண்கள் வார்டு, மேல்மாடி

டேய் வாலு,

உன்னோடு பேசமாட்டேன் என்றுதான் சொன்னேன். எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை.

என் காலுக்கு அடியில் மட்டுமே மூன்று தலையணை. தலைக்குத் தனி. ஆகவே கிரீடத்தைக் கழற்றி வை.

அம்மா முழுசாக எனக்குக் கிடைத்தாள் என்கிறாயே, கிடைப்பது எது தெரியுமா? ஸ்டூலில் உட்கார்ந்தபடி என்னைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். நான் புரண்டால் அவளும் புரள்கிறாள். "அவன் தனியா இருக்கான், அவன் தனியா இருக்கான்" என்று நாள் முழுக்க ஜபம் செய்கிறாள். உன்னோடு இருக்கும்போது என்னைப் பற்றிப் பேசுகிறாளா? இங்கே உன்னைப் பற்றி மட்டும்தான். அந்த அரை இட்லியை இங்கே வந்து பார்த்திருந்தால் தெரியும். "பாவம், நான் ஊட்டினாத்தான் அவன் சாப்பிடுவான்" என்று அவள் கண்ணைத் துடைத்ததில்தான் எனக்கு மீதி அரை இறங்கவில்லை.

ஒன்று மட்டும் ஒத்துக்கொள்கிறேன். நேற்று ஒரு நர்ஸ் என் தலையைக் கட்டில் ஓரத்துக்கு இழுத்து, கழுத்துக்குக் கீழே பிளாஸ்டிக் விரிப்பு போட்டு, குவளையால் வெந்நீர் ஊற்றித் தலை அலசிவிட்டார். விழுந்த அன்று ஒட்டிய மண் அப்போதுதான் போனது. "யம்மா, ஒரு ரோடே உன் தலையில இருக்கு" என்றார். நான் சிரித்தேன். இங்கே வந்து முதல் தடவை.

கட்டிலின் கால்மாட்டில் எனக்கு ஒரு அட்டை தொங்குகிறது: "கால் ஊன்றக் கூடாது." கணுக்காலில் தகடும் திருகாணிகளும் வைத்திருக்கிறார்கள். அவை பிடிக்கும்வரை விரலை மட்டும் ஆட்ட வேண்டுமாம். வாலிபால் கோர்ட்டில் எவ்வளவு உயரம் குதித்தவள், கட்டைவிரலுக்குச் சபாஷ் வாங்கிக்கொண்டு கிடக்கிறேன்.

உனக்கு என்ன செய்கிறார்கள்?

அக்கா


ஜூன் 12, வியாழன்
கீழ்த்தளம்

கட்டைவிரல் வீராங்கனைக்கு,

எனக்கு என்ன செய்கிறார்கள் என்றா கேட்டாய்? கேட்டுவிட்டு அழக் கூடாது.

நான் நடக்கிறேன்.

என் தொடைக்குள் நீளமாக ஒரு கம்பி ஓடுகிறது. கட்டடத்துக்குக் கம்பி கட்டுகிற மாதிரி. அதனால் உடனே கால் ஊன்றலாமாம், ஊன்றியே ஆக வேண்டுமாம். பிசியோதெரபிக்காரர் ஒருவர் தினமும் காலையில் வருகிறார். "மடக்கு, மடக்கு, இன்னும் மடக்கு" என்பதைத் தவிர அவருக்கு வேறு தமிழ் தெரியாது. மடக்கு மாஸ்டர் என்று பெயர் வைத்தேன். இப்போது நர்ஸ்களே அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

இன்று காலை வாக்கரைக் கொண்டுவந்து வைத்தார். எழுந்தேன். பிடித்தேன். ஜன்னல்வரை போய்த் திரும்பினேன். வாக்கரின் ஒரு கால் ரப்பர் தேய்ந்து "டொக் டொக்" என்று சத்தம் போட்டது. அதற்குத் தாளம் போல வார்டே கைதட்டியது. ஹெட் நர்ஸ், "இந்த வார்டுக்கே நீங்கதான் முன்மாதிரி" என்றார்.

பக்கத்துப் படுக்கையில் ஒரு தையல்காரர் இருக்கிறார். இடுப்பு எலும்பு முறிந்தவர். அவர் கதைதான் பரிதாபம். மாஸ்டர் தலை வாசலில் தெரிந்ததும் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு குறட்டை விடுகிறார். எழுப்பினால், "சார், வயித்த வலிக்குது சார், நாளைக்குப் பார்க்கலாம் சார்" என்கிறார். முதல் நாள் கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கப்போட்டதுமே கண் இருட்டி மாஸ்டர் சட்டையிலேயே வாந்தி எடுத்துவிட்டார். இத்தனை வயசுக்கு இவ்வளவு பயமா? நான் படுத்துக்கொண்டே விழுந்து விழுந்து சிரித்தேன்.

இதையெல்லாம் சாயங்காலம் அம்மாவிடம் சொன்னேன். முதல் தடவையாக அரை இட்லியை மறந்து என் கதையை மட்டும் கேட்டாள்.

நட. ஓ, உனக்குத்தான் அட்டை தொங்குகிறதே.

இப்படிக்கு,
நடமாடும் கம்பி


ஜூன் 13, வெள்ளி
மேல்மாடி

வாலு,

நேற்று அம்மா மேலே வந்ததிலிருந்து நீ நடந்த கதை மட்டும்தான் இந்த வார்டுக்குச் சோறு. எதிர்க் கட்டில் அம்மாவுக்கு ஒருமுறை, இட்லி கொண்டுவந்த பெண்ணுக்கு ஒருமுறை, டாக்டருக்கு இரண்டு முறை. "என் பையன் ஜன்னல்வரைக்கும் போயிட்டான் டாக்டர்!" டாக்டர் என் காலைப் பார்க்க வந்திருந்தார். உன் காலைப் பாராட்டிவிட்டுப் போனார்.

சந்தோஷம்தான். சந்தோஷம் இல்லாமல் என்ன? தம்பி நடந்தால் அக்காவுக்குச் சந்தோஷம் இருக்கத்தான் வேண்டும். இருக்கிறது. கொஞ்சம் அடியில் கிடக்கிறது, தேடி எடுக்க வேண்டும்.

என்னை நீ எதிலும் முந்தியதில்லை. நடக்கப் பழகியதுகூட நான் ஒன்பதாம் மாசத்தில், நீ ஒன்றரை வயசில். இப்போது நான் படுத்திருக்கும்போது பார்த்து முந்துகிறாய்.

அந்தத் தையல்காரரைக் கிண்டல் செய்யாதே. எனக்கு அவரைத்தான் பிடித்திருக்கிறது. ஒருமுறை விழுந்த உடம்பு மறுபடி நிற்கச் சொன்னால் பயப்படாதா? கண்ணை மூடினால் எனக்கும் அந்தச் சாலை இன்னும் சாய்ந்து வருகிறது. அவரிடம் சொல்: எழும்போது கீழே பார்க்க வேண்டாம், எதிரே இருக்கிற மனுஷர் முகத்தைப் பார்க்கச் சொல். கோர்ட்டில் எங்கள் பயிற்சியாளர் சொல்வார், தரையைப் பார்க்கிற ஆள்தான் தடுக்கி விழுவார் என்று. தையல்காரர் பயப்படுகிறார் என்று சொன்னதும் அம்மா இரக்கப்பட்டு அவருக்கு பிஸ்கட் வாங்கி வைத்திருக்கிறாள். பிரிக்காமல் கொடு.

உன் முழங்கால் எவ்வளவு மடங்குகிறது? முதல் நாள் எங்கே வலித்தது? எழுது.

அக்கா


ஜூன் 16, திங்கள்
கீழ்த்தளம்

முந்தாத அக்காவுக்கு,

பிஸ்கட் தையல்காரருக்குப் போய்ச் சேர்ந்தது. பயப்படுகிறவனுக்கு பிஸ்கட், நடக்கிறவனுக்கு என்ன? வெறும் கைதட்டு. இது எந்த ஊர் நியாயம்?

நேற்று சாயங்காலம் நடந்ததை நீ நேரில் பார்த்திருக்க வேண்டும். அம்மா என் தலைமாட்டை விட்டுவிட்டுப் போய் அவர் தலைமாட்டில் நின்றுகொண்டாள்.

"பயப்படாதீங்கண்ணே. என் பையனைப் பாருங்க. சின்னப் பையன், எப்படி நடக்கிறான்!"

தையல்காரர் என்னைப் பார்த்தார். நான் மேலே ஃபேனைப் பார்த்தேன்.

"ஆமாம்மா," என்றார் அவர். "அவன் நடக்கிற அழகே தனி. நானும் பார்த்துக்கிட்டேதான் இருக்கேன்."

"பார்த்தே கத்துக்கலாம்ண்ணே."

"கத்துக்கிறேம்மா. பிஸ்கட் நல்லாயிருக்கு."

அப்படியே வெட்கத்தில் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார், பாவம். என் பங்கு அம்மா நேரத்தில் கால்வாசி அவருக்குப் போய்விட்டது. முக்கால்வாசி நீ வாங்கிக்கொள்கிறாய், மிச்சத்தை அவர். நான் என்ன, ரேஷன் கடை கடைசி ஆளா?

இருந்தாலும் சாதனை தொடர்கிறது. இன்று வராந்தா முழுக்கப் போய் வந்தேன். குடிதண்ணீர் டிரம் பக்கம் ஒரு நிமிஷம் நின்று, போகிற வருகிறவர்களுக்கு வணக்கம் வைத்தேன். மாஸ்டர் நாளைக்குப் படிக்கட்டுப் பயிற்சி என்கிறார். படி ஏறத் தெரிந்தால் நேரே உன் வார்டுக்கே வந்துவிடுவேன். அம்மா என் கையைப் பிடித்து வரவேற்பாள், நீ விரலை ஆட்டிக் காட்டு.

வலியா? எனக்கா? இரும்பு மனுஷனிடம் கேட்கிற கேள்வியா இது?

இப்படிக்கு,
வராந்தா வேந்தன்


ஜூன் 17, செவ்வாய்
மேல்மாடி

வாலு,

நான் டாக்டரிடம் கேட்டேன். "என் தம்பி தொடை எலும்பையே உடைச்சுக்கிட்டு வராந்தால நடக்கிறான். எனக்கு இத்துனூண்டு கணுக்கால். ஏன் ஊன்றக் கூடாது?"

"அவன் எலும்பு வேற, உன் எலும்பு வேறம்மா" என்றார். அவனுக்கு உள்ளே கம்பி பாரத்தைத் தாங்கும், எனக்குத் திருகாணி தாங்காது என்று ஏதோ சொன்னார். நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் அம்மா பக்கத்தில் நின்றுகொண்டு, "அவன் சின்ன வயசிலிருந்தே கெட்டி டாக்டர்" என்றாள்.

நீ! கெட்டி! ஊசியைப் பார்த்தால் கட்டிலுக்கு அடியில் போகிறவன்!

நேற்று என் அணிப் பெண்கள் வந்தார்கள். ஆப்பிள், பூங்கொத்து, எல்லோர் கையெழுத்தும் போட்ட பந்து. என் இடத்தில் இப்போது யார் ஆடுகிறாள் என்று நான் கேட்கவில்லை. அவர்களும் சொல்லவில்லை. போனபிறகு அம்மா அந்தப் பந்தை எடுத்துப் பார்த்து, "தம்பி நடந்து வந்தான்னா இதை வெச்சு விளையாடுவான்" என்றாள்.

படிக்கட்டு ஏறினாயா? உண்மையைச் சொல்.

அக்கா


ஜூன் 18, புதன்
கீழ்த்தளம்

பந்து உரிமையாளருக்கு,

ஏறினேன். ஐந்து படி. "நல்ல கால் முதலில் மேலே, கெட்ட கால் முதலில் கீழே" என்பது மாஸ்டரின் மந்திரம். ஒரு கையில் கைப்பிடி, மறுகையில் ஊன்றுகோல். மேல்படியில் நின்று பார்த்தால் இந்த ஆஸ்பத்திரியே என் காலடியில். தையல்காரர் படுக்கையிலிருந்து எட்டிப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

உனக்கும் ஆசையாக இருக்கும். இருக்கட்டும். அட்டை இருக்கிறவர்கள் அட்டையைப் படிக்க வேண்டும், கால் இருக்கிறவர்கள் நடக்க வேண்டும்.

பந்தை அம்மா எனக்கென்று சொல்லிவிட்டாளா? எடுத்து வை. வந்து வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
படியேறிய பரமன்


ஜூன் 21, சனி
மேல்மாடி

தம்பி,

நேற்று மதியம் அம்மா துணி அலசப் போயிருந்தாள். நர்ஸ் வாசலோரக் கட்டிலில் டிரிப் மாற்றிக்கொண்டிருந்தார். நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். நீ எழுதிய மாதிரியே, எழுந்தேன், பிடித்தேன். ஜன்னல்வரைகூட வேண்டாம், எதிர்க் கட்டில்வரை போய்த் திரும்பிவிட்டு, சாயங்காலம் அம்மா உன்னிடம் வரும்போது என்னைப் பற்றி ஒரு செய்தி கொண்டுவரட்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான்.

ஊன்றியதும் உள்ளே ஏதோ "நறுக்" என்றது. விழுந்தேன்.

நர்ஸ் ஓடிவந்தார். அவர் திட்டவில்லை, என் தலைக்குக் கீழே தன் கையைக் கொடுத்து, மற்றவர்களைக் கூப்பிட்டு, தூக்கிப் படுக்கவைத்து, முகத்தைத் துடைத்துவிட்டார். அதுதான் எனக்குக் கஷ்டமாகப் போனது. டாக்டர்தான் கத்தினார். "யாரு உன்ன நடக்கச் சொன்னது?" தண்ணீர் தாகம் என்றேன். பக்கத்திலேயே நிறைந்த சொம்பு இருந்தது.

கணுக்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கிவிட்டது. ஒரு திருகாணி நகர்ந்திருக்கிறதாம். வீக்கம் வடிந்தபிறகு திங்களன்று மறுபடி எக்ஸ்ரே. மறுபடி திறக்க வேண்டுமா என்று அன்று சொல்வார்கள். திறந்தால் இந்த வருஷம் கோர்ட் பக்கமே போக முடியாது. அடுத்த வருஷம் பற்றி யாரும் பேசவில்லை.

உன் பெயரை நான் யாரிடமும் சொல்லவில்லை. உன்னைக் காப்பாற்ற இல்லை. தம்பிமேல் பொறாமைப்பட்டு விழுந்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன், கிண்டல் இல்லாமல் பதில் எழுது. முதல் தடவை ஊன்றும்போது உனக்கும் இப்படி வலித்ததா? வலித்தும் எப்படிடா நின்றாய்? எனக்கு ஏன் முடியவில்லை?

அக்கா


ஜூன் 23, திங்கள்
கீழ்த்தளம்

அக்கா,

நான் நிற்கவில்லை.

வலித்ததா என்று கேட்டாய். தெரியாது. ஊன்றினால்தானே தெரியும்? ஜன்னல்வரை போனது தையல்காரர். வராந்தாவில் வணக்கம் வைத்தது தையல்காரர். ஐந்து படி ஏறியதும் அவரே. ஹெட் நர்ஸ் முன்மாதிரி என்றதும் அவரைத்தான். போர்வைக்குள் குறட்டை விட்டது நான். வயிற்றுவலி நான். மாஸ்டர் சட்டையில் வாந்தி எடுத்தது நான். அந்தச் சட்டையை அவர் இப்போது இந்தப் பக்கம் போட்டு வருவதே இல்லை. தையல்காரர் நடையை எனக்கு எழுதிக்கொண்டேன், என் பயத்தை அவருக்கு எழுதிவைத்தேன். எழுத எழுத நானே நடக்கிற மாதிரி இருந்தது. படுத்தபடி இவ்வளவு தூரம் நடந்தவன் உலகத்திலேயே நான் ஒருவன்தான்.

தையல்காரர் ஒன்றும் பெருந்தன்மையாக இல்லை. அம்மா போனதும் பிஸ்கட்டை நடுவில் வைத்துக்கொண்டு, "என் நடைக்கு உன் பேரா? துணி என்னுது, கூலி என்னுது, சட்டை மட்டும் உனக்கா? உங்கம்மாகிட்ட சொல்றேன் பாரு" என்று தினமும் மிரட்டினார். அவருக்கும் கைதட்டு முக்கியம் அக்கா. அவர் வீட்டிலிருந்து பார்க்க யாரும் வருவதில்லை.

அம்மா என்னைப் பற்றி மட்டும் பேச வேண்டும் என்று நினைத்தேன். பேசினாள். அதைக் கேட்டு நீ இறங்குவாய் என்று நினைக்கவில்லை. நீ எதற்கும் என்னைப் பார்த்துப் பொறாமைப்படுவாய் என்றே எனக்குத் தெரியாது. அது எப்போதும் என் வேலையாகத்தானே இருந்தது?

நேற்று சாயங்காலம் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டவில்லை. என் இரண்டாவது தலையணையை உருவி, உறையைச் சரிசெய்து, மறுபடி வைத்தாள். பிறகு மறுபடி உருவிச் சரிசெய்தாள். திட்டியிருக்கலாம். கடைசியில், "அவளுக்கு நீயே எழுது. நான் கொண்டுபோகமாட்டேன்" என்றாள். அதனால்தான் இதுவும் லிப்ட் மாமா கையில்.

இன்று அவர்கள் உன் எக்ஸ்ரேவைப் பார்ப்பார்கள். சாயங்காலம் இங்கே வர வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவள் உன் பக்கத்திலேயே இருக்கட்டும். இதைச் சொல்லும்போது என் மனசு எரிந்தது. பொய் சொல்லவில்லை, நன்றாகவே எரிந்தது. இருந்தாலும் சொன்னேன்.

திறக்க வேண்டும் என்று சொன்னால் என்னைத் திட்டி எழுது. எவ்வளவு வேண்டுமானாலும் எழுது, படுத்துக்கொண்டே படிக்கிறேன். ஓட்டியது நீ என்று இனி யாரிடமும் சொல்லமாட்டேன். விழவைத்தது நான் என்று நீ சொல்லிக்கொள்.

இன்னொன்று. இன்று காலை மாஸ்டர் வந்தபோது நான் போர்வையை இழுக்கவில்லை. நானே கேட்டேன். அவர் நம்பாமல் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். வாக்கரை எல்லாம் பிடிக்கவில்லை. அவர் கழுத்தைத்தான் கட்டிக்கொண்டேன். கால் தரையில் பட்டதும் "அம்மா!" என்று கத்தினேன். உன் மாடிவரை கேட்டிருந்தால் பிரசவ வார்டைச் சந்தேகப்படாதே, அது நான்தான். வலித்தது அக்கா. ரொம்ப வலித்தது. ஆனால் நின்றேன். தையல்காரர்கூட எழுந்து உட்கார்ந்தார். எனக்குச் சொல்ல மாஸ்டருக்கு "மடக்கு" தவிர இன்னொரு வார்த்தையும் தெரியும் என்று அப்போதுதான் தெரிந்தது.

எவ்வளவு நேரம் நின்றேன் என்று மட்டும் கேட்காதே. அவர் "சபா" என்று ஆரம்பித்தார். "ஷ்" வருவதற்குள் நான் உட்கார்ந்துவிட்டேன்.

உன் தம்பி